பெயர் போடாத ஜெபக் குறிப்பு

குடைக்காரி மாதம் தவறாமல் ஊருக்கு அனுப்பவேண்டிய அறிக்கையில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம் ‘சந்தித்த நபர்கள்’. அதில் பால்காரர், தபால்காரர், மாடிப்படியில் இடித்துக்கொண்டு போனவர் எல்லாரையும் சேர்த்து ஒரு எண்ணைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். மீதி எட்டை ஒப்பேற்ற முடியாது. வீட்டுக் கூட்டங்கள், ஜெபிக்க வந்தவர்கள், தீர்மானம் எடுத்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று அவை வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். மூன்று வருஷமாக அந்த எட்டிலும் முட்டை. கோழிப்பண்ணை வைத்திருந்தால்கூட இத்தனை தேறியிருக்காது.

குடைக்காரி என்பது இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர். வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும், இரண்டும் இல்லாமல் வானம் சும்மா கிடந்தாலும், கையில் குடை இல்லாமல் அவள் படியிறங்கியது கிடையாது. வயது நாற்பத்தொன்று. சொந்த ஊரில் பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். கடவுளிடமிருந்து தனக்கு அழைப்பு வந்துவிட்டது என்று ஒருநாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, மிஷன் அலுவலகம் அனுப்பிய இந்த நாட்டுக்கு விமானம் ஏறினாள். வழியனுப்புக் கூட்டத்தில் சால்வை போட்டார்கள். பாடகர் குழு பாடும்போது முன்வரிசையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணி மட்டும் நடைமுறையாகப் பேசினாள். “திரும்பி வந்தா மாடி ரூம் இருக்கு. இப்ப அதுல பழைய கட்டிலும் ஓட்டை பீரோவும் கெடக்கு, பாத்துக்கலாம்” என்றாள். அந்த ஓட்டை பீரோதான் குடைக்காரிக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். எட்டு முட்டைகளோடு திரும்பிப் போய், அந்த பீரோவுக்குப் பக்கத்தில் பாயை விரிப்பதைவிடப் பெரிய அவமானம் அவளுக்குத் தெரியவில்லை.

கடல் தாண்டிய ஊழியம் என்றால் ஊரில் இருப்பவர்கள் மனத்தில் ஒரு படம் ஓடும். மரத்தடியில் ஜனக்கூட்டம், நடுவில் வெள்ளை உடையில் இவள், சுற்றிலும் உயர்த்திய கைகள். இங்கே இருந்தது லிப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் ஒரே அறை. வெந்நீர் வேண்டுமென்றால் குழாயை இரண்டு தட்டு தட்டவேண்டும், கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டால் குழாயே கையோடு வந்துவிடும். விசாவை நீட்டிக்கக் காலை ஆறு மணிக்கே டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தால், பதினொரு மணிக்குக் கூப்பிட்டுப் புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மாலையில் சமூகக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு. நடுவில் வேத வசனம் அச்சடித்த துண்டுப்பிரதி கொடுப்பது. இந்த ஊர்க்காரர்கள் மகா மரியாதைக்காரர்கள், ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே வாங்கி, அழகாக நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்கால்களுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். மொழியும் ஓரளவுக்குத்தான் கைகொடுத்தது. அவளுக்குக் கெஞ்ச வரும், நன்றி சொல்ல வரும், சண்டை போட வராது. சண்டை போட வராத மொழியில் மூன்று வருஷம் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை சமூகக்கூடத்தின் பின்னறையில் நடந்தது. வருபவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், பரம்பரை விசுவாசிகள், அதனால் எந்தக் கட்டத்திலும் சேரமாட்டார்கள். அவர்களில் ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர். நல்ல மனுஷன். இரவு வேலை முடித்து நேராக வருவதால் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிப்போவார், ஆமென் சொல்லும்போது மட்டும் சரியாக விழித்துக்கொள்வார். போன ஞாயிறு, தன் குருவை எனக்குத் தெரியவே தெரியாது என்று சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை சாதித்த சீடனைப் பற்றிக் குடைக்காரி உருகி உருகிப் பேசினாள். எப்படி அவனுக்கு மனசு வந்தது என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சலவை அண்ணன் லேசாகக் குறட்டை விட்டார்.

அடுத்த நாள் காலையில் மிஷன் அலுவலகச் செயலரின் குரல்பதிவு வந்தது.

“சிஸ்டர், நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. பதினெட்டாம் தேதி போர்டு கூடுது. உங்க ஃபைல எடுத்தாலே எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. மூணு வருஷமா உங்களுக்காக வாதாடி எனக்கு வாய் வலிக்குதும்மா. ஒரே ஒரு சாட்சி குடுங்க. ஒரு மனுஷன், ஒரு மனமாற்றம், ஒரு கண்ணீர். எதுவுமே இல்லாமலா இருக்கும்? இல்லேன்னா திரும்ப வரச் சொல்லிடுவாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல.”

குடைக்காரி அதை இரண்டு தடவை கேட்டாள். எதுவுமே இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஒரே ஒரு விஷயம் இருந்தது. ஆனால் அது கட்டத்தில் போடக்கூடிய விஷயம் இல்லை.

கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு தையல்கடை. கடைக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது, எல்லாருக்கும் அவர் மாஸ்டர். பக்கத்து ஓட்டல் சிப்பந்திகள் போடுகிற பொன்நிறப் பொத்தான் வைத்த பச்சைக் கோட்டு எல்லாம் அவர் கைவேலை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், அவள் கடையைத் தாண்டிப் போகும்போது அவர் கூப்பிட்டார்.

“ஏம்மா குடைக்காரி, கொஞ்சம் உள்ள வா. கதவச் சாத்து.”

கதவைச் சாத்தினாள். அவர் ஒரு ஊசியையும் கறுப்பு நூலையும் நீட்டினார். கோத்துக் கொடுத்தாள். இன்னொன்று நீட்டினார். ஏழாவது ஊசியில்தான் அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“ரெண்டு கண்ணுலயும் நடுவுல புகை மாதிரி இருக்கு. ஓரம் தெரியுது, நடு தெரியல. கண்ணாடி போட்டு சரியாகாதாம், டாக்டர் சொல்லிட்டாரு. மெஷின் ஓட்டுவேன், பொத்தானுக்குக் காஜா எடுப்பேன், அதெல்லாம் கைக்குத் தெரியும். இந்த ஊசிக்காது மட்டும் கைக்குத் தெரிய மாட்டேங்குது. கோக்குறதுக்குன்னு விக்கிற கம்பி மூணு வாங்கினேன், மூணும் ஒடிஞ்சுபோச்சு.”

“வீட்ல அக்காவுக்குத் தெரியுமா மாஸ்டர்?”

“அவளுக்குத் தெரிஞ்சா நாளைக்கே கடைய மூடச் சொல்லுவா. ஓட்டலுக்குத் தெரிஞ்சா அவங்களே மூடிடுவாங்க. நீ வெளிநாட்டுக்காரி. உன்கிட்ட சொல்றதும் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு. யாருகிட்ட போய்ச் சொல்லப்போற?”

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு அவள் இறங்கி வருவாள். மாஸ்டர் அவளுக்கென்று ஒரு முக்காலி போட்டு வைத்தார். கறுப்பு எட்டு, பச்சை ஆறு, வெள்ளை நாலு, நீலம் இரண்டு என்று இருபது ஊசிகளைக் கோத்து, நிறவாரியாகப் பஞ்சு உருண்டையில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். அரைமணி நேர வேலை. அந்த அரைமணியில் மாஸ்டர் அவளுடைய மொழியைத் திருத்துவார், கிண்டல் செய்வார், தன் மாமனாரைத் திட்டுவார். ஒருநாள்கூட அவள் கடவுளைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எடுக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் வெட்டும் மேசையின் கால் கண்ணில் படும், அதற்கு அடியில் அவளுடைய துண்டுப்பிரதி நாலு கிடந்தது. ஆனாலும் இந்த நாட்டில் அவளைக் காலையில் ஒரு மனுஷன் எதிர்பார்க்கிறான் என்றால் அது அந்தக் கடையில் மட்டும்தான்.

பதினைந்தாம் தேதி காலை, இருபதாவது ஊசியைக் குத்திவிட்டு, குடைக்காரி பஞ்சு உருண்டையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். மாஸ்டர் பின்பக்கம் திரும்பி நின்று துணி அளந்துகொண்டிருந்தார்.

நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. அடுத்த வீட்டு விஷயத்தை வெறுமனே சொன்னால் அது வம்பு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபக் குறிப்பு. இன்னாருக்குக் குடிப்பழக்கம், இன்னார் மகள் புருஷனை விட்டுவிட்டாள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டால் யாரும் தப்புச் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவள் குடைக்காரி. அவளுக்கு அது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். உறுத்தியது. அதனால்தான் பெயர் போடவில்லை, முகம் போடவில்லை, ஊர் போடவில்லை. ‘பார்வை மங்கிவரும் ஒரு தையற்காரர்’ என்று மட்டும் எழுதினாள். தினமும் அவருக்காக ஊசி கோப்பதையும், அவர் மனைவிக்குக்கூடத் தெரியாமல் தனியாகச் சுமக்கும் பாரத்தையும் எழுதினாள். அவர் உள்ளம் மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்தாள். அந்த ஒரு வரி மட்டும் அறவே இல்லாத ஒன்று. மாஸ்டரின் உள்ளம் எட்டு மாதமாக இருந்தபடியேதான் இருந்தது.

பத்தொன்பதாம் தேதி செயலர் குரல்பதிவு அனுப்பாமல் நேரடியாகவே போனில் கூப்பிட்டார். குரலில் கல்யாண வீட்டுக் களை.

“சிஸ்டர், அசத்திட்டீங்க! கடிதத்த வாசிச்சப்போ போர்டுல அழாத ஆளே இல்ல. தலைவரே கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. ரெண்டு வருஷம் நீட்டிப்பு. அந்த ஊசிப் படத்த மாதப் பத்திரிகையில முதல் பக்கத்துல போட்டாச்சு. எல்லா குரூப்லயும் அனுப்பியாச்சு. இத்தன நாள் எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க இதையெல்லாம்?”

குடைக்காரிக்கு மூன்று வருஷத்தில் முதல்முறையாக மனம் லேசானது. அண்ணி வீட்டு ஓட்டை பீரோ ஓட்டையாகவே அங்கேயே கிடக்கட்டும் என்று சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு நாலு நாள் தாங்கியது.

ஐந்தாம் நாள் விசா அலுவலகத்தில் இந்தத் தடவை காது தெரிகிற புகைப்படத்தைக் கொடுத்து, முத்திரையும் வாங்கிக்கொண்டு, பதினொரு மணிவாக்கில் திரும்பி வந்தாள். தையல்கடை வாசலில் ஓட்டல் வண்டி நின்றிருந்தது. உள்ளே ஓட்டல் மேனேஜரம்மா கோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவற்றைத் தூக்கிப்போகச் சலவை அண்ணனும் வந்திருந்தார். அவர் இவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, “வாங்க சிஸ்டர்!” என்றார். பிறகு மாஸ்டரிடம் திரும்பி, தட்டுத் தடுமாறி அந்த நாட்டு மொழியில், தன் நெஞ்சில் கைவைத்து, நிஜமான பிரியத்தோடு சொன்னார்.

“மாஸ்டர், கவலப்படாதீங்க. எங்க ஊர்ல ஆயிரம் பேர் உங்க கண்ணுக்காக ஜெபம் பண்றாங்க. பார்வை திரும்பி வந்துரும்.”

கத்திரி நின்றது. மேனேஜரம்மா எண்ணிக்கொண்டிருந்த கோட்டைக் கீழே வைத்தாள்.

“கண்ணுக்கு என்ன?”

சலவை அண்ணன் கைபேசியை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் பஞ்சு உருண்டை, இருபது ஊசி. அதற்குப் பின்னால், படம் எடுத்தவள் கவனிக்காமல் விட்ட ஆணியில், பொன்நிறப் பொத்தான் வைத்த பச்சைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தினம் நாற்பது கோட்டுக்கு இஸ்திரி போடுகிறவருக்கு அது தெரியாமல் போகுமா? அவர் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தார்.

மேனேஜரம்மா கெட்டவள் இல்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. பஞ்சு உருண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, நூலை உருவிவிட்டு, ஊசியையும் நூலையும் மேசைமேல் வைத்தாள்.

“கோத்துக் காட்டுங்க மாஸ்டர். காட்டிட்டா நான் ஒண்ணும் கேக்கல.”

மாஸ்டர் நூலை நாக்கில் நனைத்தார். ஊசியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். நூல் ஊசிக்கு இடப்பக்கம் போனது. மறுபடி நனைத்தார். வலப்பக்கம் போனது. குடைக்காரியின் கைவிரல்கள் தானாக அசைந்தன. இரண்டு எட்டு வைத்தால் வாங்கிக் கோத்துவிடலாம், ஆனால் அந்த இரண்டு எட்டைத்தான் வைக்க முடியவில்லை. மூன்றாவது தடவை மாஸ்டர் நூலை நனைக்கவில்லை. ஊசியை மேசைமேல் வைத்துவிட்டார்.

“எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார்.

முப்பத்திரண்டு கோட்டும் தைத்தது பாதி, தைக்காதது பாதியாக வண்டியில் ஏறின. சலவை அண்ணன் தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

“மாஸ்டர், நான் பேரு போடல…” என்று குடைக்காரி ஆரம்பித்தாள்.

“யாருக்கு எழுதின?”

“எங்க சபைக்கு. ஜெபம் பண்ணச் சொல்லி…”

“உங்க கடவுளுக்கு என் கண்ணு விஷயம் தெரியாதா? நீ லெட்டர் போட்டாத்தான் தெரியுமா?”

ஊழியப் பயிற்சிக் கல்லூரியில் நாற்பத்திரண்டு கேள்விகளுக்கு அவளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். துன்பம் ஏன், மரணத்துக்குப் பின் என்ன, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இந்தக் கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

“எனக்காக எழுதினியா, உனக்காக எழுதினியா? அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

“எனக்காகத்தான்” என்றாள். அந்த மொழியில் அவள் அதுவரை சொன்ன வாக்கியங்களிலேயே இலக்கணப் பிழையில்லாத வாக்கியம் அதுதான். மாஸ்டர் தலையாட்டினார். முக்காலியை எடுத்து மூலையில் போட்டு, அதன்மேல் துணிமூட்டையை ஏற்றி வைத்தார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் கடைக்கதவு அவளுக்குத் திறக்கவில்லை. ஏழரைக்கு இறங்கி வந்து நிற்பாள். உள்ளே விளக்கு எரியும், மெஷின் ஓடாது. ஒருநாள் இருபது ஊசி வாங்கி, தன் அறையிலேயே கோத்து, ஒரு துணியில் குத்தி வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். மாலையில் அது வைத்த இடத்திலேயே இருந்தது, யாரோ ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். படியேறும்போது பக்கத்து வீட்டார் முன்போல மரியாதையாகவே சிரித்தார்கள், ஆனால் அவள் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சுவருக்கு வாய் இருக்கிறது என்று கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

குடைக்காரிக்குக் கோபம் கோபமாக வந்தது. செயலர்மேல் வந்தது, கட்டங்களை அச்சடித்தவன்மேல் வந்தது, தூங்கவேண்டிய நேரத்தில் விழித்துக்கொண்ட சலவை அண்ணன்மேல்கூட வந்தது. ஒருநாள் வெந்நீர்க் குழாயை அறைந்ததில் அது கையோடு வந்துவிட, குளியலறையில் நனைந்து நின்று ஓவென்று அழுதாள். அழுது முடித்துப் பார்த்தால் கோபப்பட ஒரே ஆள்தான் மிச்சமிருந்தாள். மன்னிப்பு, மன்னிப்பு என்று மூன்று வருஷமாக இந்தத் தெருவெல்லாம் காகிதம் கொடுத்துக்கொண்டு திரிந்தவளுக்கு, அதைக் கேட்டு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

இதற்கு நடுவில் செயலர் தினமும் குரல்பதிவு அனுப்பினார். “தையல்காரர் எப்படி இருக்காரு சிஸ்டர்? அடுத்த இதழுக்குத் தொடர்ச்சி வேணும். எல்லாரும் கேக்குறாங்க. ஒரு சின்ன வீடியோ போதும். அவரு ரெண்டு வார்த்தை பேசினா போதும்.” அவள் பதில் போடவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். மாஸ்டரின் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, விடியற்காலையே கிளம்பிப் போகிறவள். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, நான்…”

“இரு, நான் பேசிடுறேன். முப்பது வருஷம் கூட இருக்கிறவ எனக்குத் தெரியல, உனக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஆத்திரமே எனக்கு இன்னும் ஆறல. அவர நல்லா கேட்டுட்டேன், அது எங்க வீட்டு விஷயம். இப்ப எங்க பள்ளிக்கூடத்துல சீருடை கேட்டிருக்காங்க. கண்ணு விஷயத்தச் சொல்லித்தான் கேட்டேன். தைக்கட்டும், சரியா இருந்தா வாங்கிக்கிறோம்னாங்க. காலையில நான் இருக்க மாட்டேன். ஊசி கோக்க ஆள் வேணும்.”

“நான் வரேன்க்கா.”

“அவரு உன்ன மன்னிக்கல. நானும் மன்னிக்கல. அது வேற, இது வேற. ஏழரைக்கு வா. வாயத் திறக்காத, கோத்து வச்சிட்டுப் போ.”

படியிறங்கும்போது பாதியில் நின்று, “அந்தப் போன கொண்டுவராத” என்றாள்.

மறுநாள் அவள் போனாள். குடையைக்கூட வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முக்காலிமேல் துணிமூட்டை அப்படியே இருந்தது. நின்றுகொண்டே கோத்தாள். வெள்ளை பன்னிரண்டு, நீலம் எட்டு. மாஸ்டர் மொழியைத் திருத்தவில்லை, மாமனாரைத் திட்டவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கால் வலித்தது. ஆனாலும் இந்தப் பேச்சில்லாத அரைமணி நேரத்துக்காக அவள் ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் மாத அறிக்கைக்குக் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து விசா அலுவலகத்திலிருந்து அட்டை தயார் என்று கூப்பிடுவார்கள் என்பதால் கைபேசியை எடுத்துவரும்படி ஆயிற்று. பைக்குள் போட்டு வைத்திருந்தாள். ஆறாவது ஊசியில் அது அடித்தது. அட்டையாக இருக்கும் என்று எடுத்துவிட்டாள். செயலர். அதுவும் வீடியோ அழைப்பு.

“அப்பாடா, ஒருவழியா எடுத்தீங்களே! எங்க இருக்கீங்க? பின்னால மெஷின் சத்தம் கேக்குதே… அந்தக் கடையிலதானா? ஆண்டவரே! சிஸ்டர், அப்படியே போன அந்தப் பக்கம் திருப்புங்க. ஒரு நிமிஷம். தலைவர் பக்கத்துலதான் இருக்காரு.”

மெஷின் நின்றது. மாஸ்டருக்கு அவள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கைபேசிக் குரலைக் கேட்டதும் அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குடைக்காரி கைபேசியைச் சுவரைப் பார்த்துப் பிடித்தாள்.

“எந்தக் கடைண்ணே?”

“என்னம்மா கேக்குறீங்க? அந்தத் தையல்காரர், கண்ணு தெரியாதவரு.”

“அப்படி ஒரு ஆள எனக்குத் தெரியாதுண்ணே.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு செயலரின் குரல் தணிந்து வந்தது, தலைவருக்குக் கேட்காதபடி எழுந்து தள்ளிப் போயிருக்கவேண்டும்.

“சிஸ்டர், விளையாடாதீங்க. பத்திரிகையில வந்தாச்சு. ஆயிரம் பேர் ஜெபிக்கிறாங்க.”

“எனக்குத் தையல்காரர் யாரையும் தெரியாது.”

“அப்ப அந்தக் கடிதம்? கத கட்டி எழுதினீங்களா? பொய்யா?”

அவள் கண்முன் அந்த ஓட்டை பீரோ வந்து நின்றது. அண்ணி கதவைத் திறந்துவிடுகிறாள். சபையில் முன்வரிசை திரும்பிப் பார்க்கிறது. கடல் தாண்டிப் போய்க் கதை கட்டி அனுப்பியவள்.

“பொய்னே போட்டுக்குங்கண்ணே.”

“போர்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? உங்களுக்காக எவ்வளவு பேசியிருக்கேன்! என்னப் பத்திக் கொஞ்சமாவது யோசிச்சீங்களா?” அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. “கடைசியா கேக்குறேன். அப்படி ஒருத்தர் இருக்காரா, இல்லையா?”

“தெரியாதுண்ணே. மன்னிச்சிருங்க.”

அழைப்பை அணைத்துப் பையில் போட்டாள். மூன்று தடவை ஆயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அந்தச் சீடனுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டவள் இவள்தான். எங்கும் சேவல் கூவவில்லை. தெருவில் பால்வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அடுத்த ஊசியை எடுத்தாள். நூல் ஊசிக்கு இடப்பக்கம் போனது, மறுபடி நனைத்து முயன்றபோது வலப்பக்கம் போனது.

“யாரு?” என்றார் மாஸ்டர். இருபத்தொரு நாளில் முதல் சொல்.

“ஊர்ல இருந்து. என் மேலதிகாரி.”

“என்ன கேட்டாரு?”

“ஒரு தையல்காரரத் தெரியுமான்னு கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

மாஸ்டர் கொஞ்சநேரம் அவள் இருந்த திசையையே, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மூலைக்குப் போனார். முக்காலிமேல் இருந்த துணிமூட்டையை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார்.

“உக்காந்து கோத்துட்டுப் போ” என்றார்.